பாலத்தின் அடியில் எத்தனை அடி? படகில் ஏறும் முன் கேட்க வேண்டிய கேள்வி

2025 மே 17ஆம் திகதி மாலை, அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் மெக்சிக்கோ கடற்படையின் பயிற்சிக் கப்பலான ‘குவாதெமொக்’ புரூக்ளின் பாலத்தில் மோதியது. கப்பலில் 277 பேர் இருந்தனர். அதன் மூன்று பாய்மரங்களும் பாலத்தின் அடிப்பகுதியில் பட்டு ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. விடைபெறும் மரியாதைக்காகப் பாய்மரங்களின் மேல் ஏறி நின்ற இளைஞர்கள் அந்தரத்தில் தொங்கிய காட்சியை உலகமே தொலைபேசித் திரைகளில் பார்த்தது. இருவர் உயிரிழந்தனர். பலர் காயமடைந்தனர்.

அந்தச் செய்தியைப் பார்த்தவர்களில் பலர் கேட்ட முதல் கேள்வி, “பாலத்தின் உயரம் கெப்டனுக்குத் தெரியாதா?” என்பதுதான். உண்மையில் அந்தக் கப்பல் அன்று அப்பாலத்தின் கீழே செல்லவே இருக்கவில்லை. துறையிலிருந்து புறப்பட்டு எதிர்த் திசையில் கடலுக்குப் போக வேண்டிய கப்பல் அது. புறப்பட்ட சில நிமிடங்களிலேயே பின்பக்கமாக நகர்ந்து பாலத்தை நோக்கிச் சென்றுவிட்டது. பாய்மரங்களோ பாலத்தின் அடிப்பகுதியை விடப் பல மீற்றர்கள் உயரமானவை. அந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. தெரிந்த எண்ணும் அன்று உதவவில்லை.

நவீன கருவிகளும் பயிற்சி பெற்ற மாலுமிகளும் உள்ள கப்பலுக்கே இந்த நிலை என்றால், எந்த எண்ணும் எழுதப்படாத நமது கால்வாய்களிலும் களப்புகளிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடும் சிறிய இயந்திரப் படகுகளின் நிலை என்ன? பெருநாள் விடுமுறைக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் குடும்பத்தோடு படகுச் சவாரி போவது இப்போது நம்மவர்களிடையே வழமையாகிவிட்டது. நீர்கொழும்பு, முத்துராஜவெல, பெந்தோட்டை, பலப்பிட்டி மாதுகங்கை, பொத்துவில் களப்பு என்று பட்டியல் நீளும். இப்பயணங்களில் பாலங்களும் குறுக்கிடும். அவற்றின் கீழே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

கொங்கிரீட் அசையாது, நீர் அசையும்

பாலத்தின் அடிப்பகுதிக்கும் நீரின் மேற்பரப்புக்கும் இடையிலான இடைவெளியைப் பாலத்தடி உயரம் என்று சொல்லலாம். பாலம் நிலையாக நிற்பதால் இந்த உயரமும் நிலையானது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பாலம் நிற்கிறது, நீர் நிற்பதில்லை. நீர் ஓரடி உயர்ந்தால் பாலம் ஓரடி இறங்கியதற்குச் சமன். நேற்று தாராளமாகப் போன படகு இன்று போகாது. காலையில் போன படகு மாலையில் திரும்பாமலும் போகலாம்.

ஆகவே பாலத்தடி உயரத்தை ஓர் எண்ணாக மட்டும் சொன்னால் அதற்குப் பொருள் இல்லை. எந்த நீர் மட்டத்திலிருந்து அளந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் அமெரிக்கக் கடல் வரைபடங்களில் பாலங்களின் உயரம் சராசரி உயர் நீர் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. நீர் வழமையாக ஏறும் அளவுக்கு ஏறிய பிறகும் எஞ்சியிருக்கும் இடம் எவ்வளவு என்பதே மாலுமிக்குத் தேவையான தகவல்.

இங்கிலாந்தின் நோர்போக் பகுதியில் பொட்டர் ஹெய்கம் என்ற ஊரில் ஒரு பழைய கற்பாலம் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சராசரி உயர் நீரின்போது அதன் வளைவின் நடுவில் கிடைப்பது சுமார் ஆறரை அடிதான். அதுவும் நடுவில் மட்டும். வளைவு இரு பக்கமும் இறங்குவதால் படகு சற்று விலகினாலும் கூரை கல்லில் உரசும். விடுமுறைக்கு வாடகைப் படகெடுத்து வருவோர் அப்பாலத்தைத் தாமாகக் கடக்க அனுமதி இல்லை. அங்குள்ள வழிகாட்டி ஓட்டி வந்து அளவுப் பலகையைப் பார்ப்பார். இடம் போதுமானால் அவரே ஓட்டிக் கடத்திவிடுவார். போதாது என்றால் போதாதுதான். வாடகை கொடுத்தாயிற்று, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அண்மைய ஆண்டுகளில் நீர் மட்டம் உயர்ந்திருப்பதால், முன்னர் இலகுவாகக் கடந்த படகுகள் பல இப்போது பாலத்துக்கு இப்பாலேயே நின்றுவிடுகின்றன. பாலத்தின் ஒரு கல்கூட மாறவில்லை. மாறியது நீர்.

நமது மேற்குக் கரையில் கொழும்பிலிருந்து நீர்கொழும்பு ஊடாகப் புத்தளம் வரை கால்வாய் வழியை வளர்த்தவர்கள் ஒல்லாந்தர். கறுவாவும் பிற பண்டங்களும் அவ்வழியே படகுகளில் சென்றன. ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்டன் கால்வாய் இன்றும் முத்துராஜவெல ஓரமாக ஓடுகிறது. அதே ஒல்லாந்தரின் நாட்டில் இன்று கால்வாய்ப் பாலங்களின் அருகே அளவுப் பலகைகளைக் காணலாம். அதன் உத்தி மிக எளிது. வெள்ள அளவுகோலில் எண்கள் மேலே போகப் போகக் கூடும். இப்பலகையில் மேலே போகப் போகக் குறையும். நீர் தொடும் இடத்தில் உள்ள எண்ணே அந்த நேரத்துப் பாலத்தடி உயரம். நீர் ஏறினால் பெரிய எண்கள் மூழ்கிவிடும், சிறிய எண் நீரோடு நிற்கும். கணக்குப் போடத் தெரியாதவரும் தூரத்திலிருந்தே வாசித்துவிடலாம். இதற்குத் தேவை ஒரு பலகையும் வர்ணமும், ஒரு முறை சரியாக அளப்பதற்கு ஓர் ஆளும் மட்டுமே.

கால்வாயை விட்டுச் சென்றவர்கள் இந்தப் பலகையை விட்டுச் செல்லவில்லை. நாமும் வைக்கவில்லை. புகையிரதப் பாலத்தின் கீழே போகும் லொறிக்கு உயரம் எழுதி வைக்கிறோம். நீரில் போகும் மனிதர்களுக்கு எழுதி வைக்க ஏன் தோன்றவில்லை? உங்கள் ஊர்ப் பாலத்தில் அப்படியொரு பலகை இருக்கிறதா என்று அடுத்த முறை கடக்கும்போது எட்டிப் பாருங்கள்.

புறப்படும் முன் பார்க்க வேண்டியவை

பாலத்தடி உயரத்தைச் சரிபார்ப்பது படகோட்டியின் கடமை. ஆனால் என்ன பார்க்க வேண்டும் என்பது பயணிக்கும் தெரிந்திருந்தால்தான் கேள்வி கேட்க முடியும்.

முதலாவது, படகின் உயரம். நீர்க் கோட்டிலிருந்து படகின் மிக உயர்ந்த நிலையான பகுதி வரை அளக்க வேண்டும். பெரும்பாலும் அது கூரையாகத்தான் இருக்கும். அதன் மேலே விளக்குக் கம்பம், கொடி, ஒலிபெருக்கி ஏதும் பொருத்தியிருந்தால் அதுவும் சேரும். கூரையே இல்லாத படகில் மிக உயர்ந்த பகுதி மனிதத் தலைதான். அதிலும் எழுந்து நின்று படம் எடுப்பவரின் தலை.

இரண்டாவது, சுமை. ஆட்கள் நிறைந்த படகு நீரில் ஆழ்ந்து நிற்கும், வெறும் படகு மிதந்து உயரும். இருபது பேரோடு பாலத்தைக் கடந்த படகு, மறு கரையில் எல்லோரையும் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது அதே பாலத்தில் கூரை தட்டலாம். அதற்காகக் கூடுதலாக ஆட்களை ஏற்றிப் படகைத் தாழ்த்தலாம் என்று நினைப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. அளவுக்கு மீறிய சுமை படகைக் கவிழ்க்கும்.

மூன்றாவது, பாலத்தின் மிகத் தாழ்ந்த இடம். தொலைவிலிருந்து பார்க்கும்போது பாலத்தின் தளம்தான் கண்ணில் படும். அதன் பக்கத்தில் பொருத்திய குடிநீர்க் குழாயோ தொலைபேசிக் கேபிளோ அதைவிடத் தாழ்ந்து தொங்கலாம். வெள்ளத்தில் வந்து சிக்கிய மரக்கிளையும் அப்படியே.

நான்காவது, இன்றைய நீர். இலங்கைக் கரையில் கடல் ஏற்ற இறக்கம் பெரிதல்ல, ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆகவே இங்கே தீர்மானிப்பது மழையும், மதகுகளும், முகத்துவாரங்களுமே. கிழக்கில் மாரி தொடங்கும்போது முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தால் களப்பு நாளுக்கு நாள் உயரும். முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் நீர் வேகமாக இறங்கும். முன்னையதில் பாலத்தடி இடம் சுருங்கும். பின்னையதில் இடம் கூடும், ஆனால் நீரோட்டம் இழுக்கும். களனி கங்கையில் நாகலகம் வீதி அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். 4 அடி எச்சரிக்கை, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம் என்று நீர்ப்பாசனத் திணைக்களம் கணக்கிடுகிறது. எச்சரிக்கைக்கும் பெருவெள்ளத்துக்கும் இடையே மூன்றடி. ஆற்றோடு சேர்ந்து நீர் உயரும் பாலங்கள் ஒவ்வொன்றிலும் அந்த மூன்றடியை இழப்பது படகுதான்.

ஐந்தாவது, திரும்பும் நேரம். மலைநாட்டில் பெய்த மழை பல மணி நேரம் கழித்தே கீழே வந்து சேரும். காலையில் வானம் வெளித்திருந்தாலும் மாலையில் நீர் ஏறலாம்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். வழமையான நீரில் பாலத்தடி உயரம் 2.4 மீற்றர், படகின் கூரை 1.8 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 60 சென்ரிமீற்றர். இரண்டு நாள் மழையில் நீர் 40 சென்ரிமீற்றர் ஏறினால் மிஞ்சுவது 20 சென்ரிமீற்றர். எதிரே வரும் படகின் அலையில் உங்கள் படகு ஒரு முறை எழும்பினால் அந்த இருபதும் போய்விடும். கூரைக் கம்பியைப் பிடித்திருக்கும் பிள்ளையின் விரல்கள் இருப்பது அந்த இடைவெளியில்தான். ஆகவே கடைசி அங்குலம் வரை கணக்குப் பார்த்து நுழையக் கூடாது. ஓரடியாவது மிச்சம் இல்லை என்றால் திரும்பிவிடுவதே புத்தி.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நீரோட்டத்தை எதிர்த்துப் போகும் படகு நிறுத்த நினைத்தால் நிற்கும். நீரோட்டத்தோடு போகும் படகைப் பாலத்தின் அருகே வந்த பிறகு நிறுத்துவது கடினம். எனவே முடிவைப் பாலத்துக்கு வெகு தூரம் முன்பே எடுத்துவிட வேண்டும். நியூயோர்க் விபத்து சொல்லும் பாடமும் இதுதான். நாம் கடக்க நினைக்காத பாலமும் நமது கணக்கில் இருக்க வேண்டும். இயந்திரம் நின்றுபோனால் நீர் நம்மை எந்தப் பாலத்தின் கீழே கொண்டுபோகும் என்பது புறப்படும் முன்பே ஓட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாழ்ந்த பாலம் மூடிய நீர்வழி

ஒருவரின் பயணத்தோடு இந்த விடயம் முடிந்துவிடுவதில்லை. பங்களாதேஷின் தலைநகர் டாக்காவைச் சுற்றி புரிகங்கா, துராக், பாலு, ஷிதலக்கியா ஆறுகள் ஓடுகின்றன. வீதி நெரிசலால் திணறும் அந்நகருக்கு இவற்றை இணைத்துச் சுமார் 110 கிலோமீற்றர் நீளமான வட்ட நீர்வழி ஒன்றை அமைக்கும் திட்டம் வந்தது. பயணிகள் படகுகளும் விடப்பட்டன. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. பல காரணங்களில் முக்கியமானது, அந்த ஆறுகளின் குறுக்கே போட்டிருந்த தாழ்ந்த பாலங்கள். மாரியில் நீர் ஏறியதும் பெரிய படகுகள் அவற்றின் கீழே போக முடியாது. கட்டிய பாலங்களை உடைத்து உயர்த்த வேண்டும் என்ற பேச்சு அங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது.

இத்தனைக்கும் அந்நாட்டில் விதி இல்லாமல் இல்லை. நீர்வழிகளை வகைப்படுத்தி, பாலங்களுக்குக் குறைந்தபட்ச உயரம் வகுத்திருக்கிறார்கள். முதல் வகைக்கு 18.30 மீற்றர், இரண்டாம் வகைக்கு 12.20 மீற்றர், மூன்றாம் வகைக்கு 7.62 மீற்றர், நான்காம் வகைக்கு 5 மீற்றர். இவை உயர் நீர் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுபவை. விதி காகிதத்தில் இருந்தது. வீதி போடுகிறவர்களின் பார்வையில் நீரில் போகிறவர்கள் இல்லை. செலவைக் குறைக்கப் பாலத்தைத் தாழ்த்தினார்கள். இன்று உயர்த்துவதற்கான செலவு பல மடங்கு.

கொழும்பின் கால்வாய்களில் பயணிகள் படகுச் சேவை என்ற யோசனை நம் நாட்டிலும் அடிக்கடி எழுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் அதைப் பேசுகிறவர்கள் முதலில் வெளியிட வேண்டியது அவ்வழியில் உள்ள பாலங்களின் பட்டியலையும், மாரிக் காலத்தில் ஒவ்வொன்றின் கீழும் எத்தனை அடி மிஞ்சும் என்ற கணக்கையும்தான். அந்தப் பட்டியல் இல்லாமல் படகு வாங்குவது, கதவின் உயரம் பார்க்காமல் அலுமாரி வாங்கிய கதையாகிவிடும்.

நவம்பரின் கடைசி வாரம்

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்ததை நம் சமூகம் மறக்காது. பழைய பாலத்தை அகற்றிப் புதிய பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம். மாற்று ஏற்பாடாக ஓடிய இழுவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட சிறார்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில், வெள்ளம் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் உலுக்கியது.

இவற்றில் எதுவும் பாலத்தில் படகு மோதிய விபத்தல்ல. ஆனால் மூன்றும் நடந்தது மழைக்காலமான நவம்பரின் அதே கடைசி வாரத்தில். முதலிரண்டிலும், நீர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது, இந்த வாகனம் இந்த நீரில் போகலாமா என்ற தீர்மானம் அந்த இடத்தில் நின்ற ஒருவரின் மனக் கணக்குக்கு விடப்பட்டிருந்தது. அந்த மழைக்காலம் ஓயுமுன்பே டிசம்பர் விடுமுறை வந்துவிடுகிறது. சுற்றுலா செல்லும் காலமும் நீர் ஏறி நிற்கும் காலமும் கிழக்கில் ஒன்றாகவே வருகின்றன.

நம் நாட்டுப் படகு விபத்துகளுக்குக் காரணம் அதிக சுமையும் உயிர்காப்பு அங்கி இல்லாமையும்தானே, பாலத்தடி உயரம் ஒரு பெரிய விடயமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சுமையும் அங்கியும்தான் முதலில் கவனிக்க வேண்டியவை என்பதில் மறுப்பில்லை. ஆனால் பாலத்தடி உயரத்தைப் பார்க்க வேண்டுமானால் ஓட்டி இன்றைய நீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும், ஏற்றியிருக்கும் ஆட்களை எண்ண வேண்டும், இயந்திரத்தின் நிலையை யோசிக்க வேண்டும், திரும்பும் நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும். இவ்வளவையும் பார்க்கும் ஓட்டி அங்கி இல்லாமல் பிள்ளையை ஏற்றமாட்டார். அந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் ஓட்டியின் படகில் நம்பி ஏறலாம்.

மீளக் கட்டும் காலத்தில்

டித்வா புயலில் நாடெங்கும் பாலங்கள் சேதமடைந்தன. அவற்றைத் திருத்தும், புதிதாகக் கட்டும் வேலைகளைப் பற்றிய பேச்சே இப்போது எங்கும். வெள்ளம் கொண்டுவந்த மண்ணும் கற்களும் பல ஆறுகளின் அடியை உயர்த்தியிருக்கின்றன. அடி உயர்ந்தால் அதே அளவு மழைக்கு நீர் முன்னரை விட மேலே நிற்கும். ஆகவே பழைய வரைபடத்தில் உள்ள பாலத்தடி உயரத்தை அப்படியே நம்பிப் புதிய பாலம் போட முடியாது.

படகே ஓடாத ஆற்றிலும் இது முக்கியம். தாழ்ந்த பாலத்தில் வெள்ளத்தோடு வரும் மரங்களும் குப்பைகளும் சிக்கும். சிக்கியவை அணைபோல் நின்று நீரை இரு கரை ஊர்களுக்குள்ளும் திருப்பும். நான்கு அடி உயர்த்திக் கட்டும் பாலத்தால், படகில் ஒரு நாளும் ஏறாத வீட்டுக்காரருக்கும் பயன் உண்டு.

எனவே மூன்று கோரிக்கைகளை இப்போதே முன்வைக்கலாம். வீதி அபிவிருத்தி அதிகார சபை புதிய பாலங்களின் திட்டத்தில் வெள்ளக் கால நீர் மட்டத்திலிருந்து பாலத்தடி உயரம் எவ்வளவு என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். படகுகள் ஓடும் கால்வாய், களப்புப் பாலங்களில் பிரதேச சபைகளும் நகர சபைகளும் அளவுப் பலகை வைக்க வேண்டும். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வெள்ள எச்சரிக்கை வரும் நாட்களில் அந்த நீர்நிலையில் சுற்றுலாப் படகுகளை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பது ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவை நடக்கும் வரை நம் கையில் உள்ளதை நாம் செய்யலாம். சுற்றுலா ஏற்பாடு செய்யும் பள்ளிவாசல் நிர்வாகங்கள், மத்ரஸாக்கள், பாடசாலைகள், விளையாட்டுக் கழகங்கள் பஸ்ஸையும் சாப்பாட்டையும் பேசி முடிக்கும்போது படகோட்டியிடமும் நான்கு கேள்விகள் கேட்கட்டும். வழியில் எத்தனை பாலங்கள்? இன்றைய நீரில் அவற்றின் கீழே எத்தனை அடி? திரும்பும்போது நீர் ஏறியிருந்தால் எங்கே இறக்குவீர்கள்? எல்லோருக்கும் அங்கி இருக்கிறதா? பதில் தெளிவாக வராவிட்டால் கொடுத்த முற்பணம் போனாலும் பரவாயில்லை. பிள்ளைகளைக் கரையிலேயே விளையாட விட்டு, சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பலாம்.